மாப்பிள்ளைக்கு எந்தக் குளிசை

விமலநாதன் கதிரையில் இருக்க மறுத்ததில்தான் புஷ்பராணிக்குச் சந்தேகம் தொடங்கியது.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளையாகப்பட்டவன் பின்னேரங்களில் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து, பெண்ணோடு நாலு வார்த்தை கதைத்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. அவளும் அதற்காகவே தலை இழுத்து, பொட்டு வைத்து, அறையில் ஆடாமல் நிற்கும் ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டு வைப்பாள். அந்த வாரம் அவன் வந்தான். இருக்கத்தான் இல்லை.

"இருங்கோவன்."

"இல்லை, நிக்கிறன்."

"கால் உளையாதோ?"

"நிண்டால்தான் சுகம்."

சுடச்சுடத் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, கதவுப் பக்கம் ஒரு கண் வைத்தபடி நின்றான். குடித்து முடித்ததும் "வாறன்" என்றான். போனதும் ஒழுங்காகப் போகவில்லை. முதுகை அவளுக்குக் காட்டாமல் பின்பக்கமாக அடிவைத்து, கதவு நிலையில் இடித்து, "குறை நினையாதேங்கோ" என்று நிலையிடமோ அவளிடமோ சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாளும் அதே கூத்து.

கல்யாணம் கட்டப் போகிறவன் கதிரையில் இருக்கப் பயப்படுகிறான் என்றால் ஒரு பெண் என்ன நினைப்பாள்? ஓடப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பாள். புஷ்பராணியும் அதைத்தான் நினைத்தாள். நினைத்துவிட்டு அழவில்லை, அவளுக்கு அழுகையை விடக் கோபம்தான் கெதியாக வரும்.

அது எண்பத்தாறாம் ஆண்டு, ஆனி மாதம். ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே, டிராம் பாதை முடிகிற இடத்தில், மூடிப்போன பழைய விடுதி ஒன்றை அகதிகளுக்கான ஹைமாக மாற்றியிருந்தார்கள். கீழே பெண்களும் குடும்பங்களும், மேலே தனி ஆண்கள். வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. மிச்சம் இருந்தது சமைப்பதும், டெர்மின் என்ற சந்திப்பு நாளுக்காகக் காத்திருப்பதும், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதும்தான். கடைசி வேலையை எல்லாரும் சம்பளம் இல்லாமலே மனமாரச் செய்தார்கள்.

அங்கே இருந்த மூக்குகளில் பெரியது பேர்பெச்சுவா அக்காவினுடையது. யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரி, ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் செபமாலை, வாயில் சிரிப்பு. இந்தக் கல்யாணத்தை ஒப்பேற்றியதே அவர்தான். சாப்பாட்டு மண்டபத்தில் உருளைக்கிழங்குக்கு வரிசையில் நிற்கும்போது, எல்லாரும் கேட்கத்தக்கதாக, "தம்பி விமலநாதன், எங்கடை புஷ்பராணியைக் கட்டுவீரோ?" என்று கேட்டார். அவன் தட்டைக் கையில் பிடித்தபடி "ஓம் அக்கா" என்றான். மண்டபம் கைதட்டியது. வரிசையில் மூன்று பேருக்குப் பின்னால் நின்ற புஷ்பராணிக்குக் காது சூடாகிவிட்டது. அவள் அவனை முன்பே கவனித்திருந்தாள். மாடிப்படியில் மற்றவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு வழிவிட்டுத் தான் இறங்குவதற்கே மறந்துபோகிற அந்த நெட்டையனை அவளுக்குப் பிடித்திருந்தது.

இப்போது பேர்பெச்சுவா அக்காவிடமே போய்க் கேட்டாள்.

"அக்கா, அவருக்கு என்ன நடந்தது? ஏன் இருக்கிறார் இல்லை?"

அக்கா செபமாலையைக் கையில் எடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "ஆம்பிளையள் அப்பிடித்தான் பிள்ளை. நிப்பினம்," என்றார்.

உருத்திரமூர்த்தி அண்ணையிடம் போனாள். ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர் அவர். கல்யாண மந்திரம் பாதி தெரியும் என்பதால் ஹைமில் அவர்தான் ஐயர். மீதிப் பாதியை அவர் முணுமுணுத்துச் சமாளிப்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அவர் கூரையைப் பார்த்து, "காலம் வரேக்கை எல்லாரும் இருப்பினம்," என்றார்.

ஹைம் முழுக்க ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது, மணப்பெண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. புஷ்பராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் குசினிக்குப் போனாள். அங்கே விமலநாதனின் அறைத்தோழன் அல்பேர்ட் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். பொய் சொன்னால் காது ஆடும் ஆள் அவன். அவள் அவனுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அல்பேர்ட் அண்ணை, உண்மையைச் சொல்லாமல் இண்டைக்கு இஞ்சை ஒருத்தருக்கும் சோறு இல்லை."

அல்பேர்ட் வெங்காயத்தைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "தங்கச்சி, அவருக்கு ஒரு கட்டி வந்திருக்கு."

"கட்டியோ? எங்கை?"

"இருக்கிற இடத்திலை."

"எங்கை இருக்கிற இடத்திலை?"

"இருக்கிற இடத்திலைதான் தங்கச்சி. மனிசன் இருக்கிறதுக்கு எதை வைச்சு இருக்கிறது?"

விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் புஷ்பராணி சிரித்த சிரிப்பில் வெங்காயக் கூடை கவிழ்ந்தது. நிற்க முடியாமல் நிலத்தில் குந்தினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓடப் பார்க்கவில்லை, ஒளிக்கவில்லை, பாவம், இருக்கத்தான் ஏலாமல் நின்றிருக்கிறான். மணப்பெண்ணிடம் மாப்பிள்ளையின் பின்பக்கத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று ஒரு ஹைமே வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

"டொக்டரிட்டைப் போனவரோ?"

"ஏன் போவான், எங்களிட்டை மருந்து இருக்கே," என்றான் அல்பேர்ட், பெருமையாக.

இருந்ததுதான். பேர்பெச்சுவா அக்காவின் கட்டிலுக்குக் கீழே பிஸ்கட் ரின் ஒன்று இருந்தது. டொக்டரிடம் போவதென்றால் முதலில் அலுவலகத்தில் அனுமதித் துண்டு எடுக்க வேண்டும், துண்டு எடுக்க டெர்மின் எடுக்க வேண்டும், டெர்மின் வருவதற்குள் வருத்தமே சலித்துப்போய்விடும். அதனால் யாருக்காவது குளிசை எழுதிக் கொடுத்தால், சுகம் தெரிந்த உடனே நிறுத்திவிட்டு மிச்சத்தை அந்த ரின்னில் போட்டுவிடுவார்கள், அடுத்தவருக்கு உதவும் என்று. நல்ல மனதோடு செய்த காரியம். எந்தக் குளிசை எதற்கு என்பதும் ஹைமில் எல்லாருக்கும் பாடம்: அது யாரைச் சுகப்படுத்தியதோ அவருடைய பெயர்தான் அந்தக் குளிசைக்கு.

அல்பேர்ட் சொன்ன கதைப்படி, விமலநாதனின் கட்டி விஷயம் வெளியானதும் ரின் திறக்கப்பட்டது. பேர்பெச்சுவா அக்கா தன் தொண்டைப் புண்ணை ஒரே இரவில் ஓட்டிய பெனிசிலின்தான் சரி என்றார். உருத்திரமூர்த்தி அண்ணை தன் நீர்க்கடுப்பைத் தீர்த்த பெரிய வெள்ளைக் குளிசையைத் தவிர மற்றதெல்லாம் மாவுருண்டை என்றார். அல்பேர்ட் தன் முகப்பருவுக்குக் கிடைத்த டெட்ராசைக்ளினை நீட்டி, பருவும் கட்டியும் அண்ணன் தம்பிதானே என்று நியாயம் கேட்டான். சண்டை முற்றி, அக்காவும் அண்ணையும் முகம் பார்க்காமல் போகும் நிலைக்கு வந்துவிட்டது.

"பேந்து எதை எடுத்தவர்?" என்று கேட்டாள் புஷ்பராணி.

"எல்லாத்தையும்தான்," என்றான் அல்பேர்ட். "காலமை அக்கான்ரை, மத்தியானம் அண்ணையின்ரை, இரவு என்ரை. ஒருத்தற்றை மனமும் நோகக்கூடாது எண்டு. தங்கமான பிள்ளை."

புஷ்பராணி இன்னொரு முறை சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிசன். தன் உடம்புக்குள் போகும் மருந்தில்கூட இல்லை என்று சொல்லத் தெரியாதவன். உருளைக்கிழங்கு வரிசையில் பேர்பெச்சுவா அக்கா கேட்டபோது அவன் சொன்ன "ஓம் அக்கா" அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன் பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம் கிழங்கு போடவா என்று கேட்டதற்கும் அவன் அதே குரலில் ஓம் என்றுதான் சொன்னான். தானும் அக்காவின் ரின்னிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு குளிசைதானோ என்று நினைத்தாள். மறுக்கத் தெரியாமல் விழுங்கப்பட்ட பெண்ணாக வாழ அவளுக்கு விருப்பமில்லை.

மறுநாள் விடிய விமலநாதனின் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. முகம் வீங்கி, கண் இரண்டும் சின்னக் கோடாகி, கழுத்திலிருந்து கால் வரை சிவப்புத் தடிப்புகள். கடி தாங்காமல் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்கா செபம் சொன்னார். உருத்திரமூர்த்தி அண்ணை, தடிப்பு வருவது மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்றார். புஷ்பராணி இரண்டு பேரையும் விலக்கிவிட்டு, விறாந்தைத் தொலைபேசியில் வத்சலாவைக் கூப்பிட்டாள்.

வத்சலா மதுரைப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் ஹைமுக்கு வந்து ஜெர்மன் சொல்லிக்கொடுப்பாள், போகும்போது பிட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போவாள். துண்டு பிறகு வந்தாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய, தனக்குத் தெரிந்த பெண் டொக்டர் ஒருவரிடம் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்த டொக்டரின் பெயர் ஹேகெலே. வெள்ளைத் தலை, கனத்த குரல், சிரித்தால் மேசை அதிரும்.

முதலில் தடிப்புக்கு ஊசி போட்டார். பிறகு கேட்டார்.

"என்ன மருந்து சாப்பிட்டீங்கன்னு கேக்குறாங்க," என்றாள் வத்சலா.

"ஒண்டும் இல்லை," என்றான் விமலநாதன். ரின்னைக் காட்டிக்கொடுத்தால் அக்காவுக்கு என்ன வருமோ என்ற பயம்.

"பொய்," என்றாள் புஷ்பராணி. எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். காலையில் அக்கா, மத்தியானம் அண்ணை, இரவு அல்பேர்ட். வத்சலா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க டொக்டரின் பேனை மெதுவாக மேசையில் படுத்தது.

"எது சாப்பிட்ட பிறகு தடிப்பு வந்துச்சுன்னு கேக்குறாங்க."

"எல்லாம் சாப்பிட்ட பிறகு," என்றான் விமலநாதன் உண்மையாக.

டொக்டர் நீளமாக ஏதோ சொன்னார். வத்சலா தலையைச் சொறிந்துகொண்டு புஷ்பராணியிடம் சொன்னாள்: "அக்கா, மேட்டர் இதான். மூணுல ஏதோ ஒண்ணு இவருக்கு ஒத்துக்கலை. எதுன்னு கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா மூணும் ஒரே நேரத்துல உள்ள இருக்கு. அதனால இப்போதைக்கு மூணையுமே கொடுக்க முடியாது. பெனிசிலின் மட்டும் இல்ல, அதோட சொந்தக்காரங்க ஒருத்தரையும் கொடுக்க முடியாது. இந்த மாதிரிக் கட்டிக்கு டாக்டர் முதல்ல யோசிக்கிற மருந்தே அந்தக் குடும்பத்துலதான் இருக்கு."

"அப்ப என்ன செய்யிறது?"

"கிருமியையே கேக்கணும்னு சொல்றாங்க."

புஷ்பராணியை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டியை வெட்டி உள்ளே கட்டியிருந்த சிதளை எடுத்தார்கள். உள்ளேயிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கத்தவும் சம்மதம் கேட்கிற ஆள்தானே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பாதி வைத்தியம் வெட்டுவதுதான் என்றும், சுற்றியிருக்கும் சிவப்பு அடங்க மருந்தும் வேண்டும் என்றும், அந்தச் சிதளில் இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றும் டொக்டர் சொன்னார். புதன்கிழமை வரச் சொன்னார். அதற்குள் ஒன்றையும் வாயில் போடக்கூடாது, யார் தந்தாலும்.

"யார் தந்தாலும்," என்று புஷ்பராணி அவனைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள்.

"ஓம்," என்றான்.

புதன்கிழமை பரிசோதனை முடிவு வருகிறது என்ற செய்தி ஹைமில் பரவியதும் விஷயம் தேர்தல் மாதிரி ஆகிவிட்டது. அக்காவின் கட்சி, அண்ணையின் கட்சி, அல்பேர்ட்டின் கட்சி என்று சாப்பாட்டு மண்டபமே பிரிந்து இருந்தது. எந்தக் குளிசை வெல்லும் என்று சமையல் முறையைப் பந்தயம் கட்டினார்கள். மூன்று வேட்பாளர்களும் தாங்களும் வருவோம் என்று உடுத்து வெளிக்கிட்டார்கள். உருத்திரமூர்த்தி அண்ணை கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். இத்தனை பேரும் உள்ளே வரச் சம்மதமா என்று டொக்டர் விமலநாதனிடம் கேட்டார். அவன் வழக்கம்போல ஓம் என்றான்.

மேல்மாடியில் இருந்த சின்ன ஆய்வுகூடத்திலிருந்து டொக்டர் ஒரு வட்டத் தட்டைக் கொண்டுவந்தார். அப்பளம் அளவு, மூடியோடு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். தட்டு முழுக்க மங்கலாக ஒரு படலம் படர்ந்திருந்தது.

"இதுதான் கிருமி," என்றாள் வத்சலா. "மேல சின்னச் சின்னப் பேப்பர் வட்டம் இருக்குல்ல, ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து. மருந்து வேலை செஞ்சா அதைச் சுத்திக் கிருமி வளராது, தெளிவா ஒரு வளையம் தெரியும். வேலை செய்யலைன்னா பக்கத்துலயே வந்து வளரும்."

எல்லாத் தலைகளும் முட்டிக்கொண்டு குனிந்தன.

"என்ரை எது?" என்றார் அக்கா.

பெனிசிலின் வட்டத்தை வத்சலா காட்டினாள். கிருமி அதன் விளிம்புவரை வந்து, பக்கத்து வீட்டுக்காரன் வேலியில் சாய்ந்து கதைப்பது போலச் சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அல்பேர்ட்டின் டெட்ராசைக்ளினும் அதே கதி. "முகத்துக்கு நல்லா வேலை செய்தது," என்று அவன் முனகினான்.

மூன்றாவது வட்டத்தைச் சுற்றி அழகான, அகலமான, தெளிவான வளையம். உருத்திரமூர்த்தி அண்ணை கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "நான் சொன்னனான்," என்றார். "சொன்னனானோ இல்லையோ?"

"அண்ணே, உங்களோடது சூப்பரா வேலை செய்யுது," என்றாள் வத்சலா. "ஆனா கொடுக்க முடியாது."

"ஏனாம்?"

"தடிப்பு எதனால வந்துச்சுன்னு தெரியாதே. உங்களோடதாவும் இருக்கலாம். மூணையும் கலக்காம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அண்ணை அக்காவைப் பார்த்த பார்வையில் பிஸ்கட் ரின் உருகியிருக்கும். வென்ற மருந்துக்குப் பதவி இல்லை. இன்னும் இரண்டு வட்டங்களைச் சுற்றி வளையம் இருந்தது. ஒன்று பெனிசிலினின் தம்பி முறை. அதனால் அதுவும் தள்ளுபடி. மற்றது எரித்ரோமைசின். இந்த ஹைமில் யாருமே சாப்பிடாத, யாருக்கும் சொந்தமில்லாத மருந்து. டொக்டர் அதைத்தான் எழுதினார். ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று, வயிற்றைப் பிரட்டும், பிரட்டினாலும் விடக்கூடாது. சுகம் தெரிந்தாலும் பெட்டி முடியும்வரை சாப்பிட வேண்டும். மிச்சம் என்று ஒன்று இருக்கவே கூடாது என்று அவர் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னார்.

வெளியே வந்ததும் விமலநாதன் செய்த முதல் வேலை உருத்திரமூர்த்தி அண்ணையிடம் போனதுதான். "அண்ணை, குறை நினையாதேங்கோ. உங்கடைதான் வெண்டது," என்றான். புஷ்பராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பும் டிராம் வெறுமையாக இருந்தது. எல்லாரும் ஆசனங்களில் இருந்தார்கள். விமலநாதன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தனை ஆசனங்களையும் விட்டுவிட்டுப் புஷ்பராணியும் போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீர் இருமன்," என்றான்.

"எனக்கு ஒண்டு தெரிய வேணும். நீங்கள் ஆருக்காவது இல்லை எண்டு சொல்லியிருக்கிறீங்களோ, வாழ்க்கையிலை?"

அவன் யோசித்தான். டிராம் ஒரு நிறுத்தத்தைத் தாண்டியது.

"அப்ப எனக்குச் சொன்ன ஓம் எந்த ஓம்? கிழங்குக்குச் சொன்ன ஓமோ? அக்கான்ரை பெனிசிலினுக்குச் சொன்ன ஓமோ?"

அவன் முகம் தடிப்புக்கு மேலே இன்னும் சிவந்தது. அல்பேர்ட் இரண்டு ஆசனம் தள்ளி இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"கல்யாணத்துக்கு முதல் எனக்கு ஒருக்கா ஏலாது எண்டு சொல்லிக்காட்டுங்கோ," என்றாள் புஷ்பராணி. "எதுக்காவது. ஒரே ஒருக்கா. அப்பதான் உங்கடை ஓமை நான் நம்புவன்."

"ஓம்," என்றான் அவன். "சொல்லுறன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

எரித்ரோமைசின் தன் வேலையைச் செய்தது. சிவப்பு அடங்கிற்று, தடிப்பும் மறைந்தது, ஆனால் வயிறு பிரட்டி எடுத்தது. வெள்ளிக்கிழமை அவன் முகம் தோய்த்த வேட்டி மாதிரி வெளிறிப் போயிருந்தது. உருத்திரமூர்த்தி அண்ணை சாப்பாட்டு மண்டபத்தில் எல்லாரையும் கூட்டினார்.

"மாப்பிள்ளைக்கு இருக்க ஏலாது," என்றார். "மணவறையிலை சம்மணம் கொட்டி இருக்க வேணும். ஞாயிற்றுக்கிழமைக் கலியாணம் மணித்தியாலக் கணக்கு. இடையிலை சத்தியும் எடுத்தால் அபசகுனம். ஆடி பிறக்கப் போகுது. ஆவணியிலை ஒரு நல்ல நாள் பாப்பம்."

தலைகள் ஆடின. புஷ்பராணி சுவரோடு நின்றாள். ஆவணிவரை இந்த ஹைமில் யார் இருப்பார்கள், யாரை எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. போன மாதம்தான் ஒரு குடும்பத்தை ஒரே நாளில் வேறு மாவட்டத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். ஆவணி என்றால் ஒருவேளை ஒருபோதும் இல்லை. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியது அவன் வாய்.

"அதோடை தம்பி," என்றார் பேர்பெச்சுவா அக்கா, "இப்ப சுகம்தானே. அந்த வயித்தைப் பிரட்டுற குளிசையை விட்டிட்டு மிச்சத்தை ரின்னிலை போடும். வயித்துக்கு நான் வேறை தாறன்."

"என்னட்டை ஒரு பவுடர் இருக்கு," என்றான் அல்பேர்ட்.

மூன்று பேரும் விமலநாதனைப் பார்த்தார்கள். மண்டபம் முழுக்க அவனைப் பார்த்தது. எல்லாருக்கும் அவன் என்ன சொல்வான் என்று தெரியும். அக்கா குளிசையை வாங்குவதற்குக் கையைக்கூட நீட்டிவிட்டார்.

"ஏலாது," என்றான் விமலநாதன்.

மெதுவாகத்தான் சொன்னான். பின்னால் இருந்தவர்கள் "என்னவாம்?" என்று கேட்டார்கள். அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு இன்னொரு முறை சொன்னான். "ஏலாது அக்கா. குளிசையைத் தர ஏலாது. பெட்டி முடியுமட்டும் நான்தான் சாப்பிடுவன்."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

"பவுடரும் வேண்டாம்," என்றான் அல்பேர்ட் பக்கம் திரும்பி. அணை உடைந்துவிட்டது, இனி நிற்காது. "ஆவணியும் ஏலாது அண்ணை. ஞாயிற்றுக்கிழமைதான். இருக்க ஏலாட்டி நிண்டு கட்டுவன்."

"நிண்டு தாலி கட்டுறது எங்கடை முறையிலை இல்லை," என்றார் அண்ணை.

"அப்ப முழங்காலிலை நிண்டு கட்டுவன்."

"எங்கடை கோயிலிலை முழங்காலிலைதான் நிக்கிறது," என்று அக்கா தன்னையறியாமல் அவன் பக்கம் சேர்ந்துவிட்டார். பிறகுதான் தான் மறுக்கப்பட்டது ஞாபகம் வந்தது. "ஆனாலும் தம்பி, நான் எதைக் கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுற பிள்ளை நீர். உம்மை இந்தக் கலியாணத்துக்கு ஓம் எண்டு சொல்ல வைச்சதும் நான். இப்ப எனக்கே ஏலாது எண்டுறீர்."

விமலநாதன் திகைத்துப் பார்த்தான்.

"அக்கா, கேக்கச் சொன்னதே நான்தானே," என்றான். "எனக்கு அவவிட்டைக் கேக்கப் பயம் எண்டு உங்கடை காலிலை விழாத குறையாக் கெஞ்சினனான். எல்லாருக்கும் முன்னாலை என்னைக் கேளுங்கோ, அப்பதான் அவ சிரிச்சு விலத்திப் போகமாட்டா எண்டும் நான்தானே சொன்னனான்."

மண்டபத்தில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. பேர்பெச்சுவா அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, ஓம் பிள்ளை," என்றார் புஷ்பராணியைப் பார்த்து. "கலியாணம் ஒப்பேறின சந்தோசத்திலை அதை மறந்துபோனன்."

புஷ்பராணிக்கு எல்லாம் விளங்கியது. கிழங்கு வரிசையில் எல்லாரும் பார்க்கச் சொன்ன அந்த ஓம், அவன் தானே கேட்டு வாங்கிய ஓம். பயந்து, கெஞ்சி, ஆள் வைத்துக் கேட்க வைத்த ஓம். இந்த மனிசன் தனக்காக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டிருக்கிறான், அது அவளைத்தான். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. சுவரை விட்டு மண்டபத்தின் நடுவுக்கு வந்தாள்.

"உருத்திரமூர்த்தி அண்ணை," என்றாள், "நிண்டாலும் சரி, முழங்காலிலை எண்டாலும் சரி, படுத்துக் கட்டினாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை கட்டுறம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மண்டபம் வெடித்துச் சிரித்தது. அக்கா இரண்டு தரம் சிலுவை போட்டார். விமலநாதன் வயிற்றுப் பிரட்டலையும் மறந்து நின்று சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் முழங்காலில் நின்றார்கள், அவனுக்குச் சரிக்குச் சரியாக அவளும். தாலியை எடுக்கும் நேரத்தில் வத்சலா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். உருத்திரமூர்த்தி அண்ணை, தெரியாத பாதி வருவதற்குச் சற்று முன்னால், மிகுந்த நிம்மதியோடு மந்திரத்தை நிறுத்தினார். புஷ்பராணி குளிசையை அவன் வாயில் வைத்து, தண்ணீர்க் கோப்பையைப் பிடித்தாள். அவன் விழுங்கினான். பிறகு தாலியைக் கட்டினான்.